ஒழுங்காக மருந்தெடுக்காதவர்கள்

எமது கல்வி வலயத்து ஆசிரியர்களுக்காகச் சில காலத்துக்கு முன்னர் சுகாதாரக் கருத்தரங்கொன்று நடாத்தப்பட்டது. ஆஸ்துமா நோய்பற்றி உரையாற்ற வந்த வைத்தியர் ஒருவர் தமது பேச்சின் நடுவே ஒரு பகிடி சொன்னார். ‘எங்கள் சனங்களுக்குப் பம்பை இலவசமாகக் கொடுத்தால் பெட்டியிலே வைத்துப் பூட்டுவார்கள், காசு கொடுத்து வாங்கச் சொன்னாற்றான் அதன் அருமை தெரியும்’ என்பதே அதன் சாரம். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே இக்கட்டுரையை எழுதவேண்டியிருக்கிறது.

அவ்வைத்தியர் கெட்டவரல்லர். அவர் கூறிய செய்தியிலும் பொய்யில்லை. ஆஸ்துமா நோயாளர் பலர் தமக்கு விதிக்கப்பட்ட மருந்தை விதிக்கப்பட்டவாறு எடுப்பதில்லை என்பது உலகமறிந்த உண்மை. நீண்டகால நோய்களுக்கு மருந்தெடுப்போரில் வசதிபடைத்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர்தான் அதனை ஒழுங்காக எடுக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வறிய நாடுகளில் இந்நிலை இன்னும் தாழ்ந்தது. எனவே செய்தியைப்பற்றி எனக்கு வழக்கில்லை. அச்செய்திக்கு அவர் கற்பித்த காரணத்தைப்பற்றியே வழக்கு. ‘சனங்களின் அசட்டை’ என்று ஒரு சொல்லிலே கணக்கை முடித்துவிட்டு, மண்டபத்தின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

கருத்தரங்கு முடிந்து இரண்டு கிழமைகள்கூட ஆகியிருக்காது. நான் தமிழ் கற்பிக்கும் பத்தாந் தரத்து மாணவியொருத்தியை நள்ளிரவில், தேயிலைத் தொழிற்சாலை லொறியிலே ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாட்களின் பின் அவள் பிழைத்து வீடு திரும்பினாள். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். மகள் பாடசாலைக்கு வராத நாட்களுக்குக் காரணம் காட்டுவதற்காக அவர் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சேர், இதுல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்காங்க. நர்சு நோனாகிட்ட கேட்டேன், ஒன்னுமில்ல போங்கன்னாங்க. என்னா சேர் எழுதியிருக்கு?”

‘புவர் கொம்ப்ளையன்ஸ்’ என்று எழுதி, அதன்கீழே இருமுறை கோடும் இழுக்கப்பட்டிருந்தது. கீழ்ப்படிதல் போதாது என்பது அதன் நேர்ப்பொருள். நான் அந்தத் தாயிடம் பொய் சொன்னேன். “பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா” என்றேன். அவர் கொப்பியைச் சேலைத் தலைப்பினால் துடைத்துப் பிளாஸ்திக் பையிலே பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் அந்தச் சொல்லைச் சிறிது புரட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நோயாளர் மருந்தெடுக்கும் ஒழுங்கைக் ‘கொம்ப்ளையன்ஸ்’ என்ற பெயரால் ஓர் ஆராய்ச்சித் துறையாக்கியவர்கள் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சக்கெற், ஹெய்ன்ஸ் முதலியோர். அவர்களுடைய நூல் 1976இல் வெளியாயிற்று. அச்சொல் எசமானுக்கும் ஏவலனுக்குமிடையே வழங்கவேண்டிய சொல் என்று பலர் கண்டித்ததன் பயனாக, உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டின் அறிக்கையில் ‘அட்ஹியரன்ஸ்’ என்ற சொல்லை மேற்கொண்டது. வைத்தியர் இட்ட கட்டளைக்குப் பணிதல் என்பது மாறி, நோயாளரும் வைத்தியரும் உடன்பட்டுத் தீர்மானித்ததைப் பற்றி நிற்றல் என்ற பொருள் அதிலே வந்தது. எங்கள் மலைநாட்டு வைத்தியசாலைக் கொப்பிகளுக்கோ அந்த உடன்பாடு இன்னும் வந்துசேரவில்லை. உடன்படுவதற்கு முதலிற் பேச்சு நிகழவேண்டுமல்லவா? காலையிலே நூற்றுக்கு மேற்பட்டோர் இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் கிளினிக்கில் ஒருவருக்கு இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் கட்டளைதான் இடலாம். அதுவும் பெரும்பாலும் வேறொரு மொழியில்.

பழகுவதற்கு ஆஸ்துமா மிகவும் வஞ்சகமான நோய். இதிலே மருந்து இருவகை. ஒன்று, சுருங்கிய சுவாசக் குழாய்களைச் சில நிமிடங்களில் விரித்து மூச்சைத் தருவது. சல்பியூட்டமோல் என்னும் மருந்து அது. நீலப் பம்ப் என்று சனங்கள் அறிவார்கள். அதன் பலன் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். மற்றது, குழாயின் உட்சுவரில் ஓயாது நிகழும் அழற்சியைத் தணிப்பது; மூச்சுடன் உள்ளிழுக்கப்படும் ஸ்டீரோயிட். இதனை மண்ணிறப் பம்ப் என்பார்கள். (மருந்து வழங்கும் கம்பனி மாறும்போது நிறமும் மாறிவிடலாம், நிறத்தைக் கொண்டு மருந்தை அறிந்த தாய் அப்போது என்ன செய்வாள் என்பதைக் கேள்விப்பத்திரம் கோருவோர் சிந்திக்கட்டும்.) இழுப்பு வராமற் காப்பது மண்ணிறப் பம்ப்தான். ஆயின், அதை அழுத்தியதும் எதுவும் நிகழ்வதில்லை. மூச்சு விரிவதில்லை, நெஞ்சு இலேசாவதில்லை. நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் தவறாது எடுத்தபின்னரே அதன் நன்மை தெரியும். அதுவும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற வடிவிலேதான் தெரியும். இரவு வந்தது, இழுப்பு வரவில்லை. அந்த இரவுக்கு யார் சாட்சி?

ஆகவே உடலானது நோயாளிக்குத் தினமும் ஒரு பாடம் படிப்பிக்கிறது: நீலம் மருந்து, மண்ணிறம் வெறுங் காற்று. அனுபவத்திலிருந்து முடிவுக்கு வருவதே அறிவு என்று வகுப்பறையிலே நாம் போதிக்கிறோம். அத்தாய் அனுபவத்திலிருந்து முடிவுக்கு வந்தால் அதற்கு அறியாமை என்று பெயர் சூட்டுகிறோம். அவளுடைய அனுபவம் அவளை ஏமாற்றுகிறது என்பது உண்மை. அந்த ஏமாற்றை அவிழ்த்துக் காட்டுவதற்கு ஒருவரேனும் பத்து நிமிடம் அவளுடன் செலவிட்டாரா என்பதே என் கேள்வி. நான் கேட்டறிந்தவரையில், பம்பைக் குலுக்கவேண்டும், மூச்சை வெளிவிட்டபின் மெல்ல உள்ளிழுக்கும் வேளையில் அழுத்தவேண்டும், பத்து விநாடி மூச்சை அடக்கவேண்டும், ஸ்டீரோயிட்டாயின் பின்னர் வாயைக் கொப்பளிக்கவேண்டும் என்பனவற்றில் ஒன்றையும் அவளுக்கோ மகளுக்கோ எவரும் செய்துகாட்டவில்லை. இருநூறு தடவைக்குரிய மருந்து தீர்ந்த பின்னும் எண்ணிக்கை காட்டாத பம்புகள் சிலவற்றிலிருந்து காற்று சீறிக்கொண்டுதானிருக்கும். அந்த வெறும் பம்பை அழுத்தி அழுத்தியே அவ்விரவு அந்தப் பிள்ளை இரண்டு மணித்தியாலத்தைக் கழித்திருக்கிறாள்.

இனிக் கணக்குக்கு வருவோம். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்குப் போவதென்றால் விடியற்காலை நாலரை மணிக்கு லயத்தைவிட்டு இறங்கவேண்டும். மூன்று மைல் நடை, பிறகு பஸ். ஏழு மணிக்கு இலக்கம். வைத்தியரைக் காண்பது பதினொன்றுக்கு. மருந்து வரிசை ஒரு மணிக்கு. மலையேறி வீடு சேரும்போது மாலையாகிவிடும். மருந்து ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள்; எனவே வருடத்திற் பன்னிரண்டு நாட்கள் இவ்வாறு போகும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வெளியிடுவதற்கு அத்தொழிலாளர் எத்தனை வருடம் போராடினார்கள் என்பதை வாசகர் அறிவர். குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அதிலும் ‘அரைப் பேர்’ போடுகிறார்கள். கிளினிக் நாளில் அரைப் பேருமில்லை.

“மாசம் ஒரு நாள் போனா ஒரு பேரு போயிரும் சேர். அதுனால ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போவேன். அவளுக்கு ரெண்டு தடவ அடிக்க சொன்னாங்க, நான் ஒரு தடவ அடிக்க சொல்லுவேன். அப்பதான் காணும்.”

இதனை அசட்டை என்று எந்த அகராதி சொல்லும்? இருக்கும் மருந்தை இருக்கும் கூலிக்கும் இருக்கும் நாட்களுக்கும் பங்கிட்டு, மகளை இரண்டு மாதம் காப்பாற்ற முயன்ற தாயின் சிக்கனம் அது. கணக்குப் பிழைத்தது, உண்மை. ஆனால் கணக்கைப் போட்டவள் அவள் ஒருத்திதான். வேறெவரும் அவளுக்காகக் கணக்குப் பார்த்ததில்லை. இதிலே எனக்கும் பங்குண்டு. கிளினிக்குக்குப் போன நாட்கள் யாவும் என்னுடைய வரவுப் பதிவேட்டில் வராத நாட்களாகப் பதிவாகியிருந்தன. பரீட்சைக்கு எண்பது வீத வரவு வேண்டும் என்று வகுப்பறையில் அதட்டுபவனும் நானே.

2022ஆம் ஆண்டை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? ஏப்ரில் மாதத்தில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. மருந்திற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டிலே டொலர் இல்லாதபோது மருந்தும் இல்லாமற் போயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது; மருந்துகளின் விலையும் உயர்த்தப்பட்டது. ‘வெளியிலே வாங்குங்கள்’ என்று துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த மாதங்களில் மண்ணிறப் பம்பைக் கைவிட்டு நீலப் பம்பை மாத்திரம் வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! மருந்து மீண்டும் வந்தது. மாதந் தவறாமல் எடுக்கும் பழக்கம் மீண்டும் வரவில்லை. அரசாங்கம் முறித்த ஒழுங்குக்கு நோயாளியின் கொப்பியிலே கோடிழுக்கிறார்கள்.

இப்போது அவ்வைத்தியருடைய பகிடியின் இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன்: காசு கொடுத்து வாங்கினால் அருமை தெரியும் என்பதற்கு. மருந்தைக் காசு கொடுத்தே வாங்கும் தேசம் ஐக்கிய அமெரிக்கா. அங்கே டென்வர் நகரிலே ஆஸ்துமாவுள்ள சிறுவர் இருபத்துநால்வருக்கு, அழுத்திய ஒவ்வொரு தடவையையும் பதிந்துவைக்கும் மின்கருவி பொருத்திய பம்புகளைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். 1996இல் முடிவு வெளியாயிற்று. நாட்குறிப்பிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை எடுத்ததாக எழுதியிருந்தார்கள்; கருவி காட்டியதோ ஐம்பத்தெட்டு. இன்னுமொரு சங்கதி உண்டு. 1992இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வில், புகைபிடிப்பவர்களின் சுவாச நோய்க்காக நடந்ததொன்றில், ஏழுபேரில் ஒருவர் அளவினர் மூன்று மணித்தியாலத்துக்குள் நூறு தடவைக்கு மேல் பம்பை அழுத்தியிருந்தனராம். வைத்தியரைக் காணப் போகுமுன் பம்பைக் காலியாக்கிக் காட்டுவதற்காக!

இதனைப் படித்தபோது எனக்கு எந்த ஆச்சரியமும் ஏற்படவில்லை. திங்கட்கிழமை காலை பாடசாலை வாயிலில், சுவரிலே கொப்பியை வைத்து அவசர அவசரமாக வீட்டுவேலையை எழுதும் பிள்ளைகளை நான் பத்து வருடமாகக் காண்கிறேன். அதிகாரம் ஒழுங்கைக் கேட்கும், காரணத்தைக் கேளாது என்று கண்டால், சிறுவரும் பெரியவரும் ஒழுங்கை நடித்துக் காட்டுவார்கள். டொலர் செலவழித்தவனும் நடிக்கிறான். ஆகவே இலவசத்தின் மீது பழி போடுவதற்கு இடமேயில்லை. அந்தச் சின்ன ஆய்விலே மிகவும் மனதை வருத்தும் செய்தி வேறொன்று: இழுப்பு முற்றிக் குளிசையாக ஸ்டீரோயிட் கொடுக்கவேண்டிய நிலைக்கு வந்த பிள்ளைகள், தடுப்பு மருந்தில் ஏழிலொரு பங்கைக்கூட எடுத்திருக்கவில்லை. எனவே மருந்தெடுப்பது அற்ப விடயம் என்று நான் வாதாடுவதாக எவரும் கொள்ளலாகாது. உலகிலே 2019ஆம் ஆண்டில் மாத்திரம் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆஸ்துமாவினால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுட் பெரும்பாலார் எங்களைப் போன்ற நாடுகளில், எங்கள் லயங்களைப் போன்ற வீடுகளில் மாண்டவர்கள்.

பிரித்தானியாவிலே ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்றைந்து மரணங்கள். உடன் நிவாரணம் தரும் பம்பைப் பெற்றுவந்தோரில் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேருக்கு, இறப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட பம்புகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. சிலருக்கு ஐம்பதுக்கும் மேல். அத்தனை நீலப் பம்ப் ஒருவருக்குத் தேவைப்படுகிறதென்றால் அவர் அபாயத்தில் இருக்கிறார் என்பது வெளிப்படை. அத்துண்டுகளில் ஒப்பமிட்டவர்கள் யார்? நோயாளிகளா? அந்த அறிக்கை நோயாளியின் தவறுகளையும் கூறுகிறது, வைத்தியரின் தவறுகளையும் கூறுகிறது. எங்கள் மண்டபத்திலே ஒரு பக்கம் மட்டுமே வாசிக்கப்பட்டது.

விலையைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2024 தொடக்கத்திலே அமெரிக்க செனட் சபையின் சுகாதாரக் குழு, பம்ப் தயாரிக்கும் நான்கு பெருங் கம்பனிகளிடம் விளக்கம் கோரியது. ஒரே கம்பனியின் ஒரே பம்ப் பிரான்சில் ஏழு டொலருக்கும் அமெரிக்காவில் நானூற்றெண்பத்தொன்பது டொலருக்கும் விற்கப்பட்டது. வேறொன்று பிரித்தானியாவில் இருபத்தாறு, அமெரிக்காவில் முந்நூற்றுப் பத்தொன்பது. கண்டனம் வலுத்ததும் மூன்று கம்பனிகள் மாதச் செலவை முப்பத்தைந்து டொலருக்கு மட்டுப்படுத்துவதாக அறிவித்தன. நேற்றுவரை முடியாதது இன்று எப்படி முடிந்தது என்று கேட்பார் இல்லை. அந்த விலையைக் கொடுக்க இயலாமல் மருந்தைப் பங்கிட்ட அமெரிக்கத் தொழிலாளியின் கொப்பியிலும் ‘கீழ்ப்படிதல் போதாது’ என்றே எழுதியிருப்பார்கள் போலும்.

இந்நாட்டிலே இதற்கு மாற்றுவழி இருந்தது. அதை வகுத்தவர் எங்கள் நாட்டவரே. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர். கம்பனிப் பெயர்களைக் களைந்து, தேவையான மருந்துகளை மாத்திரம் தெரிந்து, உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கும் முறையை ஏற்படுத்தினார். 1977இல் அவர் கயானாவிலே இறந்தார். அதன்பின் வந்த திறந்த பொருளாதாரத்திலே அவருடைய கொள்கையும் நலிந்தது. அரச வைத்தியசாலையில் இன்றும் ஓர் ஏழைக்கு ஒரு பம்ப் காசின்றிக் கிடைக்கிறதென்றால் அதிலே அம்மனிதருடைய உழைப்பு இருக்கிறது. அதனைத்தான் கருத்தரங்கு மண்டபம் பகிடி பண்ணிச் சிரித்தது.

எங்கள் பக்கத்து நண்பர்களையும் நான் விட்டுவைப்பதாக இல்லை. முற்போக்குப் பேசும் தோழர் ஒருவர் என்னிடம், ‘பம்ப் என்பதே பன்னாட்டுக் கம்பனி மாட்டும் விலங்கு, ஒருமுறை பழகினால் ஆயுள் முழுவதும் விடமுடியாது, ஸ்டீரோயிட் உடம்பைக் கெடுக்கும்’ என்றார். கம்பனியின் கொள்ளையை எதிர்ப்பது வேறு. மருந்தை எதிர்ப்பது வேறு. விலங்கு என்று வெறுத்து வீசப்படும் பம்புக்குப் பதிலாக அவ்வீடுகளில் எது நுழைகிறது என்று பார்த்தாரா அவர்? சல்பியூட்டமோல் குளிசை. நாலு மில்லிகிராம் குளிசை ஒன்று, நூறு மைக்ரோகிராம் பம்பை நாற்பது தடவை அழுத்துவதற்குச் சமமான மருந்தைக் குருதியில் சேர்க்கிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அதன் விளைவு. ஸ்டீரோயிட் பம்பிலே நாளொன்றுக்குச் செல்வது இருநூறு, நானூறு மைக்ரோகிராம். அதற்கு அஞ்சி அதனைக் கைவிட்டு, இழுப்பு முற்றியபின் வைத்தியசாலையில் விழுங்கும் ஸ்டீரோயிட் குளிசை ஒன்றே ஐயாயிரம் மைக்ரோகிராம், அப்படிப் பல. பம்ப் ஸ்டீரோயிட்டைப் பலவருடம் எடுக்கும் சிறுவர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரம் குறைந்து வளரக்கூடும் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. அதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஒரு சென்ரிமீற்றரையும் ஓர் உயிரையும் தராசிலிட்டுப் பார்க்கும் அறிவு எங்கள் தாய்மாருக்கு உண்டு, எடைக்கற்களை அவர்கள் கையிலே கொடுத்தால்.

அச்சத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. பெண்பிள்ளை பம்ப் அடிப்பதை அயல் லயத்தார் கண்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சிலே அது வந்து நிற்கும். அந்த மாணவி தன்னுடைய பம்பைப் புத்தகப் பையின் அடியிலே, பழைய காலுறைக்குள் வைத்திருந்தாள். இவ்வெட்கத்தை வளர்ப்பதிலே பாடசாலைக்குப் பங்கில்லையா? ஒரு பாடசாலையிலே நான் கண்டதைச் சொல்கிறேன். மாணாக்கர் கொண்டுவரும் மருந்துகள் யாவும் காலையிலே அலுவலகத்தில் ஒப்படைக்கப்படவேண்டும் என்பது அங்கே விதி. அவை அலுமாரியில் வைத்துப் பூட்டப்படும். விளையாட்டுப் போட்டித் தினத்தன்று சிறுவன் ஒருவனுக்கு இழுப்பு வந்தது. திறப்பு வைத்திருந்தவர் தேநீருக்குப் போயிருந்தார். பதினைந்து நிமிடம் அந்தச் சிறுவன் புல்தரையிலே குந்தியிருந்து, முழங்காலில் இரு கைகளையும் ஊன்றி, தோள் ஏறி இறங்க மூச்சுக்குப் போராடியதை நாங்கள் எண்பது ஆசிரியரும் சுற்றி நின்று பார்த்தோம். இங்கிலாந்திலே 2014 ஒக்ரோபர் முதல் பாடசாலைகள் அவசரத்துக்கெனத் தாமே சல்பியூட்டமோல் பம்ப் வாங்கி வைத்திருப்பதற்குச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. இங்கோ பிள்ளையின் சொந்தப் பம்பையே பூட்டி வைக்கிறோம். பெட்டியிலே வைத்துப் பூட்டுகிறவர்கள் சனங்கள் என்றாரே வைத்தியர்! பூட்டுகிறவர்கள் நாங்களுந்தான்.

சனங்களின் பழக்கத்தைத் திருத்துவதைத் தவிர வழியில்லை என்று எண்ணியிருந்த வைத்திய உலகத்துக்கு 2018ஆம் ஆண்டு ஓர் அதிர்ச்சி கிடைத்தது. மெல்லிய ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, ஸ்டீரோயிட்டையும் குழாயை விரிக்கும் மருந்தையும் ஒரே பம்பிலே சேர்த்துக்கொடுத்து, ‘கஷ்டம் வரும்போது மாத்திரம் எடுங்கள்’ என்று விட்டுப் பார்த்தார்கள். தினமும் தடுப்பு மருந்து எடுக்கும்படி விதிக்கப்பட்டவர்களுக்கும் இவர்களுக்குமிடையே கடுமையான இழுப்பு வந்த விகிதத்தில் ஏறத்தாழ வேறுபாடில்லை. உடலிற் சேர்ந்த ஸ்டீரோயிட்டோ நாலிலொரு பங்கு. அடுத்த வருடம் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழு, நீலப் பம்பை மட்டும் தனியே கொடுக்கும் முறையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. இதன் கருத்து யாது? இழுப்பு வரும்போது பம்பைத் தேடுவது மனித இயல்பு. அவ்வியல்பை அரை நூற்றாண்டு காலமாகத் திட்டித் தீர்த்த வைத்தியம், ஈற்றிலே தன் மருந்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. ஒழுங்கற்றவர் என ஏசப்பட்டவர்களின் வழக்கத்துக்குள்ளேயே காப்பை வைத்து அனுப்பியது. அந்தக் கூட்டுப் பம்ப் எங்கள் இலவசக் கிளினிக்குகளிலே தட்டுப்பாடின்றி எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பதற்கு எங்கள் தொழிற்சங்கங்களுக்கு வாய் வரவேண்டும். சம்பளத்துக்குப் பேசும் மேசையிலே கிளினிக் நாளுக்குப் பேர் போடும்படியும் கேட்கவேண்டும். அது பெரிய கோரிக்கையன்று.

நோய் கடுமையானவர்களுக்குத் தினசரி மருந்து இன்னும் வேண்டும். அதற்கும் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலே, வீட்டிற் தவறிப்போகும் தடுப்பு மருந்தைப் பாடசாலையிலேயே தாதி ஒருவர் நாள்தோறும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகளுக்கு இழுப்பில்லாத நாட்கள் கூடின என்று 2011இல் எழுதினார்கள். எங்களிடம் தாதி இல்லை. ஆனால் காலை வணக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் இருக்கிறது. இப்போது அந்த மாணவியும் வேறு நால்வரும் ஏழேகால் மணிக்கு வாசிகசாலைக்கு வருகிறார்கள். நான் மணி பார்க்கிறேன். அவர்கள் பத்து விநாடி மூச்சை அடக்குகிறார்கள். நீலப் பம்ப் அவரவர் சட்டைப் பையிலே இருக்கிறது. அதிபருடன் இதற்காகப் பட்ட வாக்குவாதம் தனிக்கதை.

பம்பின் முன்னே பொருத்தும் கூடு, ஸ்பேசர் என்பது, கடையிலே விலைகூடியது. அரை லீற்றர் பிளாஸ்திக் போத்தலின் அடியிலே பம்பின் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்டு, ஓரத்தைப் பசையால் அடைத்து, போத்தலின் வாயால் மூச்சை இழுத்தால் அதுவும் கடைக் கூட்டுக்குச் சமமாகவே வேலை செய்கிறது என்று தென்னாபிரிக்க வைத்தியர்கள் 1999இல் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகளைக் கொண்டு பன்னிரண்டு போத்தல்கள் செய்து முடித்தார். இரண்டிலே துளை பெரிதாகிவிட்டது, மிகுதி பத்தும் பாவனையில் உள்ளன.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரால் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதினோம். தூரத்திலிருந்து வருவோருக்கு இரண்டு மாத மருந்தை ஒருங்கே தருமாறும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிளினிக் நடாத்துமாறும், கொப்பியில் எழுதுவதைத் தமிழிலும் எழுதுமாறும் அதிற் கேட்டிருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. தாயின் கொப்பியிலே அந்த ஆங்கிலச் சொல் அப்படியேதான் இருக்கிறது. சென்ற கிழமை அதன் உண்மையான பொருளை அவருக்குச் சொன்னேன். சிறிதுநேரம் பேசாமல் நின்றார். “அவங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே சேர்” என்றார்.